வானத்துக் கருமணல்

கணவன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் பெண்களை மிரட்டி வைத்திருக்கிறார்கள். எழுதினால் குறையும் என்று யாரும் சொன்னதில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்: சிவனணைந்தபெருமாள். இந்தப் பேரை முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் எங்காவது மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார் என்று லாரி ஷெட்டில் 'சிவனு' என்று சுருக்கிவிட்டார்கள். நான் அதையும் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க', 'உங்களைத்தானே' என்று கூப்பிட்டே என் காலம் ஓடிவிட்டது.

நான் செண்பகவல்லி. தென்காசியில் ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளை அதட்டி அதட்டித் தொண்டை பெருத்துப்போனது. கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அவர் இதற்கு நேர் எதிர். சாரல் விழுகிற நாளில் கடைக்குப் போய் உப்பு வாங்கி வாருங்கள் என்றால், உப்பில்லாமல், நனைந்த தலையோடு வந்து, மலை மேல் மேகம் எப்படி இறங்கி எப்படி ஏறியது என்று சொல்லுவார். திட்டிக்கொண்டே கேட்பேன். கேட்டு முடிக்கும்போது உப்பு ஞாபகம் எனக்கும் போயிருக்கும். அப்படி ஒரு மனுஷர்.

எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், ஐம்பத்தேழு மாசியில், அந்த லாரி கவிழ்ந்தது. செங்கோட்டை நம் மாகாணத்தோடு சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கொல்லத்திலிருந்து கூரை ஓடு ஏற்றிக்கொண்டு இவரும் பரீது அண்ணனும் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் டிரைவர்கள். சின்ன வயசிலிருந்து ஒரே தெருவில் கோலி விளையாடியவர்கள். லாரித் தொழிலுக்கும் ஒன்றாகவே போனவர்கள். மலைப்பாதை முழுக்கப் பரீது அண்ணன் ஓட்டினார். செங்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பரீது அண்ணன் இடது பக்கக் கதவில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

செங்கோட்டையைத் தாண்டித் தென்காசி வருவதற்குள் ரோடு நேராகக் கிடக்கும் ஒரு இடத்தில் லாரி ரோட்டை விட்டு இறங்கி, அறுவடை முடிந்த வயலில் இடது பக்கமாகச் சாய்ந்தது. ஓடு அத்தனையும் நொறுங்கியது. பரீது அண்ணனின் இடது கை கதவுக்கடியில் மாட்டிக்கொண்டது. இவர் தன் தோளை முட்டுக் கொடுத்துக் கதவைத் தூக்கி, நண்பரை இழுத்து, முதுகில் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வந்திருக்கிறார். கை பிழைத்தது என்று பேர். விரல்கள் மடங்கவே இல்லை. லாரியில் கியர் போடுகிற கை அது. அதோடு பரீது அண்ணனின் டிரைவர் வேலை போயிற்று.

என்ன நடந்தது என்று கேட்ட எல்லோரிடமும் இவர் ஒரே பதிலைச் சொன்னார். எனக்கும் அதையேதான் சொன்னார்.

"ஏட்டி, வெயிலுக்குள்ள இன்னொரு வெயிலு அடிச்சுது. லாரி நெழலு முன்னால ரோட்டுல கெடந்துச்சு பாத்துக்கோ, அது பக்கத்துல இன்னொரு நெழலு மொளைச்சுது. மொளைச்சு, சுத்திக்கிட்டு வருது. ஏதோ வண்டி மேல வந்து ஏறப்போகுதுன்னு ஸ்டியரிங்க ஒடிச்சிட்டேன். வண்டி சாயும்போது மேல எங்கனயோ வெடிச்ச சத்தம்."

சத்தத்தை ஊரும் கேட்டிருந்தது. லாரி கவிழ்ந்த சத்தம் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. நிழல் இரண்டானதைப் பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை; உச்சி சாய்ந்த வேளையில் வயற்காட்டில் யார் நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? மறுநாள் வயலுக்குச் சொந்தக்காரரான சுடலையாண்டி, ஓட்டுச் சில்லைப் பொறுக்கப்போன இடத்தில் முழங்கை ஆழத்தில் ஒரு குழியையும், அதற்குள் ஒரு கல்லையும் கண்டார். நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "ஓட்டோட கல்லையும் ஏத்திக்கிட்டு வந்தீரோவே? என் வயலு என்ன உங்க குப்பைமேடா?" என்று சத்தம் போட்டு, அதைத் தொப்பென்று போட்டுவிட்டுப் போனார்.

உரித்த தேங்காய் அளவுதான் இருந்தது. தூக்கினால் அம்மிக்குழவி கனம் கனத்தது. மேலெல்லாம் அடுப்புச் சட்டி அடியைப்போல் கறுப்பு. ஒரு மூலை உடைந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. வெயிலில் காட்டினால் அங்கங்கே மினுங்கும். இவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் பிள்ளையை வாங்கிப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். "இதுதான் ஏட்டி வந்தது" என்றார்.

லாரி முதலாளி நம்பவில்லை. "வானத்துலேருந்து கல்லு விழுந்துச்சாம், அதுவும் இவன் லாரிக்கு வழி கேட்டு விழுந்துச்சாம்" என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தூங்கிவிட்டான், மழுப்புகிறான் என்பதுதான் கடைத்தெருப் பேச்சு. அவர் ஏற்கெனவே வானத்தைப் பார்க்கிற ஆள் என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேர் சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டது.

எனக்கு மட்டும் சந்தேகம் வந்ததே இல்லை. அன்பினால் அல்ல, அனுபவத்தினால். பொய் சொல்ல ஒரு சாமர்த்தியம் வேண்டும். ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போடக்கூடத் தெரியாத மனுஷர் அவர். ஆனால் பெண்டாட்டி சாட்சியை யார் மதிக்கிறார்கள்? அவருக்கே என் நம்பிக்கை போதவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒருத்தர் நம்பிக்கைதான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு பரீது அண்ணன் நியாயமாகத்தான் பேசினார். "லே சிவனு, நான் தூங்கிட்டேன். ஒண்ணையும் பாக்கல. நீ பாத்தேன்னு சொல்லுத. அந்தக் கல்லைத் தெரிஞ்ச ஆளு யாராவது பாத்துச் சொல்லட்டும். வானத்துக் கல்லுன்னு சொல்லிட்டா, நீ முழிச்சிருந்தேன்னு நான் நம்புதேன்." இவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து தெரிந்த ஆளைத் தேடினார்.

வயிற்றுக்கு வேலை வேண்டுமே. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஜட்கா ஓட்ட ஆரம்பித்தார். அவருக்கு அளந்து செய்த வேலை என்று இப்போது தோன்றுகிறது. வழி குதிரைக்குத் தெரியும். இவர் பாட்டுக்கு மேலே பார்த்துக்கொண்டு போகலாம். சீசன் நாளில் மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அருவிச் சத்தம் ஒரு வளைவில் வந்து அடுத்த வளைவில் மறையும். சாரலும் வெயிலும் ஒன்றாக விழும்போது வண்டியில் இருக்கிற சவாரிகூடப் பேச்சை நிறுத்திவிடும் என்பார். கல்லைச் சாக்கில் சுற்றி, வண்டிக்குள் வைக்கோலுக்கு அடியில் வைத்திருந்தார். சவாரி படித்த ஆளாகத் தெரிந்தால் எடுத்துக் காட்டுவார். படித்தவர்கள் பெரும்பாலும் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, "சரிப்பா, வண்டியை ஓட்டு" என்றார்கள்.

பரீது அண்ணன் குற்றாலத்தில் பழக்கடை போட்டார். மங்குஸ்தானும் பலாச்சுளையும் வைத்து, ஒற்றைக் கையாலேயே நிறுத்துப் பொட்டலம் கட்டுவார். இவர் சவாரியை இறக்கிவிட்டு அந்தக் கடை நிழலில்தான் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவார். பழக்கம் விட்டுப்போகவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கல் சாக்குக்குள் இருந்தது.

அடுத்த வருஷச் சீசனில் செல்லப்பா சார் வண்டியில் ஏறினார். நாகர்கோவில் பக்கம், கடலோரத்தில் கருமணல் பிரிக்கும் ஆலை ஒன்றில் கெமிஸ்ட். வருஷா வருஷம் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார். நல்ல மனுஷர், பேச்சுப் பிரியர். கடற்கரைக் கறுப்பு மண்ணில் இல்மனைட் என்று ஒன்று இருக்கிறது, இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவோடு சேர்ந்தது, அதைக் கப்பலில் அனுப்பி வெள்ளைப் பெயிண்ட் செய்கிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம். கறுப்பு மண்ணுக்குள் வெள்ளை எங்கே ஒளிந்திருந்தது என்று இவர் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லைக் கண்டதும் செல்லப்பா சார் காலை ஒதுக்கவில்லை. உடைந்த மூலையில் ஒரு துண்டு பெயர்த்துக்கொண்டு போனார். சீசன் முடிவதற்குள் மறுபடியும் வந்து, பரீது அண்ணன் கடைமுன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பள்ளி லீவு என்பதால் அன்று நானும் பழம் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, இது வேற எங்கயும் உள்ளதில்ல, நம்ம கடற்கரைச் சரக்குதான்" என்றார். "பொடிச்சுப் பாத்தேன். இல்மனைட் மணி இருக்கு. அதை எனக்கு இருட்டுலயும் அடையாளம் தெரியும், தினசரி அதுலதானே முழிக்கேன். இரும்புத் துணுக்கும் இருக்கு. யாரோ கருமணலக் கரியோட உலையில போட்டு உருக்கிப் பாத்துட்டுக் கழிவத் தூக்கி எறிஞ்சிருக்கான். கொல்லத்துலேருந்து வந்த லாரிதானே? ஓட்டோட சேந்து ஏறியிருக்கும்."

வேறு ஊராக இருந்தால் இல்மனைட் என்றால் என்ன என்று கேட்டிருப்பார்கள். கல்லை இன்னும் நாலு பேரிடம் காட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேரைக் கேட்டதுமே வழக்கு முடிந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கடற்கரை, கடற்கரையில் கருமணல், கருமணல் மூட்டை ஏற்றாத லாரி உண்டா? கடலை வறுக்கிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். வானத்திலும் அது இருக்கும் என்று அப்போது இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியும்?

இவர் பரீது அண்ணனைப் பார்த்தார். பரீது அண்ணன் கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு, வெளியே வந்து, இவர் தோளில் கை போட்டார்.

"சரிலே. தூங்கிட்ட. தூங்காத டிரைவரு உலகத்துல உண்டா? அன்னைக்குத் தூங்குத முறை எனக்கு, நான் முந்தித் தூங்கினேன். நீ பிந்தித் தூங்கின. நான் உன்னை மன்னிச்சிட்டேன். இத்தோட அந்தக் கல்லு பேச்சை விடு."

"நான் முழிச்சுத்தான் இருந்தேன், பரீது."

"சரி, விடு."

இந்த 'சரி, விடு' பதினோரு வருஷம் நடந்தது. மன்னிப்பு இவ்வளவு கனமான சாமான் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. பரீது அண்ணன் நல்லவர். நல்லவராகவே இருந்து தொலைத்தார். நோன்பு நாளில் கஞ்சி வரும். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கென்று தனியாகப் பலகாரம் வரும். எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் வேலையாளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஓடி வருவார். யாராவது இவரைத் 'தூங்குமூஞ்சி' என்று கேலி செய்தால் சண்டைக்குப் போவார்: "கை போனது எனக்கு. நானே மன்னிச்சிட்டேன், உனக்கு என்னவே?" இவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கஞ்சியைக் குடிப்பார். குடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் மெதுவாக அதையே சொல்லுவார்: "நான் முழிச்சிருந்தேன்." வேறு எதையும் யாரிடமும் வற்புறுத்தாத மனுஷர்.

ஒருநாள் என் அண்ணன் வந்து, "ஆமா தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டா என்ன மாப்பிள குறைஞ்சு போச்சு? அவரே மன்னிச்சாச்சே" என்று கேட்டார். அன்றுதான் அவர் கோபப்பட்டுப் பார்த்தேன். "மன்னிப்பை வாங்கணும்னா நான் அதைச் செஞ்சிருக்கணும்லா?" என்றார். அண்ணன் காபி குடிக்காமலே போய்விட்டார்.

கல்லை மட்டும் அவர் எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல்படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வார். மழை பெய்து விட்டிருக்கும். தெருவெல்லாம் ஈர வாசனை. அந்த உடைந்த மூலையை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்புவார். மினுங்குகிற புள்ளி ஒவ்வொன்றும் எங்கேயோ தள்ளி எரிகிற விளக்கு மாதிரித் தெரியும் எனக்கும். ஒருநாள் கேட்டேன்.

"உலைக் கழிவுன்னு பெரிய கெமிஸ்டே சொல்லியாச்சு. பிறகு எதுக்குங்க இதைக் கொஞ்சுதிய?"

"தான் எங்கேருந்து வந்தோம்ங்கது அதுக்குத் தெரியும் ஏட்டி" என்றார். "அதுக்குச் சொல்லத் தெரியல, அவ்வளவுதான்."

கல்லைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

அறுபத்தொன்பது வந்தது. அந்த ஆடியில்தான் மனிதன் நிலாவில் கால் வைத்தான். ஊரே அண்ணாந்து பார்த்தது. காலமெல்லாம் அண்ணாந்து பார்த்தவர் அன்று குனிந்து வண்டிச் சக்கரத்துக்கு மசை போட்டுக்கொண்டிருந்தார். "இப்பத்தான் எல்லாரும் பாக்குதாங்களே, நான் வேற எதுக்கு?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவணி பிறந்து, சீசன் கூட்டம் வடிந்த பிறகு, செல்லப்பா சார் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். தலை நரைத்திருந்தது. குளிக்க வந்த ஆளாகத் தெரியவில்லை. கையில் துண்டு இல்லை, எண்ணெய் இல்லை. "அன்னைக்குச் சொன்ன இடத்துலயே வச்சுச் சொல்லணும். பழக்கடைக்காரரும் கேக்கணும்" என்றார். மூன்று பேரும் ஜட்காவில் குற்றாலம் போனோம். தூரத்தில் அருவி ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது. இவர் குதிரையை ஒரு தடவைகூட அதட்டவில்லை.

பரீது அண்ணன் கடைமுன் நின்றுகொண்டு செல்லப்பா சார் சொன்னார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. இல்மனைட் கடற்கரையில மட்டும்தான் உண்டுன்னு நெனச்சேன். இப்ப வெளிநாட்டுல வானத்துக் கல்லுகள வரிசையா எடுத்து, வழவழன்னு தேய்ச்சு, மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்திருக்காங்க. அதுலயும் இல்மனைட் மணி இருக்கு, கொஞ்சமா, பொடிப்பொடியா. அதைப் படிச்ச நாள்லேருந்து எனக்குச் சோறு இறங்கல. நீங்க தந்த துண்டுல மிச்சம் இருந்துச்சு. வடக்கே ஆராய்ச்சி பண்ணுத சிநேகிதனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"என்ன சொன்னாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"அந்த இரும்புத் துணுக்குல நிக்கல் இருக்கு. உலையில உருக்கின கருமணல்ல அது வராது. இல்மனைட்டும் நம்ம கடற்கரை ஜாதி இல்ல. நம்மூருது காத்தும் தண்ணியும் பட்டுப்பட்டுத் துருவோட சேந்த இரும்பாக் கெடக்கும். இதுல அந்தத் துருவே இல்ல, மக்னீசியம் கூடுதலா இருக்கு. காத்தும் தண்ணியும் இல்லாத இடத்துல உண்டான மணி அது. கல்லு வானத்துக் கல்லுதான்."

இவர் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரீது அண்ணன் பழத்தட்டை ஒரு பக்கமாக நகர்த்திவைத்தார். பிறகு கேட்டார்.

"என்னைக்கு விழுந்ததுன்னு சொல்ல முடியுமா சார்?"

செல்லப்பா சார் தயங்கினார். "அதச் சொல்ல முடியாது. துண்டு பல வருசம் என் மேசையில கெடந்தது, கல்லு வண்டியில உருண்டது. வானத்துலேருந்து வந்ததுங்கது மட்டும்தான் நிச்சயம்."

இத்தனை தூரம் வந்து, இந்த ஒரு முழத்தில் போய்விடுமா என்று நினைத்தேன். சண்டை போடலாமா, அழலாமா என்று இருந்தது.

"சொல்ல வேண்டாம் சார்" என்றார் பரீது அண்ணன். "வானத்துலேருந்து ஒரு கல்லு விழுந்து எங்க லாரிக்கிட்ட கெடக்கணும்னா, அது வேற என்னைக்கு விழும்?"

சொல்லிவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தார். நேராக இவர் முன்னால் வந்து நின்றார்.

"ஏலே, தப்பே செய்யாதவனை இத்தனை வருசமா மன்னிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்லே. கஞ்சி கொடுத்து மன்னிச்சேன், பலகாரம் கொடுத்து மன்னிச்சேன். ஊரைக் கூட்டி வச்சு மன்னிச்சேன். நீ எப்படிலே அதைத் தாங்கினே?"

இவர் வண்டிச் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

"இப்ப நீதான் என்னை மன்னிக்கணும்."

இவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதோடு சிரித்தார். "எனக்கு அதெல்லாம் பழக்கமில்லையே பரீது. நீதான் அதுல கைதேர்ந்தவன்" என்றார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு, நடுரோட்டில், நரைக்கத் தொடங்கிய இரண்டு ஆம்பிளைகள், பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். செல்லப்பா சார் அருவிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அழுகையை நிறுத்த ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கடைப் பழங்களைத் தேவையில்லாமல் அடுக்கினேன்.

சாயங்காலம் திரும்பினோம். செல்லப்பா சார் குற்றாலத்திலேயே தங்கிவிட்டார். வண்டியில் ஏறப்போன இவரைப் பரீது அண்ணன் தடுத்து, "பின்னால தங்கச்சிகூட உக்காருலே. நான் ஓட்டுதேன்" என்று கடிவாளத்தை வலது கையில் வாங்கினார். லாரிக்குப் போதாத ஒற்றைக் கை, குதிரைக்குப் போதுமாக இருந்தது. மழை ஓய்ந்த ரோட்டில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. குதிரை அதன் மேல் நடந்தது. மரங்களுக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம் வந்து வந்து போனது.

இலஞ்சி தாண்டியபோது என் தோளில் ஏதோ கனத்தது. திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, இவர் தூங்கிக்கொண்டிருந்தார். லாரி கவிழ்ந்த நாளிலிருந்து அவர் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. பார்க்கிறவன் சிரிப்பான் என்று உட்கார்ந்த இடத்தில்கூடக் கண் அயரமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் வழி கேட்டுக் குரல் கொடுத்தான். பரீது அண்ணன் உதட்டில் விரல் வைக்கக் கை ஒழியாமல் தலையை ஆட்டிக் காட்டினார்.

"சத்தம் போடாதவே" என்றார் மெதுவாக. "டிரைவரு தூங்குதான்."